சுவரைப் பார்த்து நின்ற வண்டி

ஜூன் 4

வாகன நிறுத்துமிட மேற்பார்வையாளர் அவர்களுக்கு,

புகாரை எழுத்தில் கொடுத்தால்தான் வாங்குவோம் என்று உங்கள் வாசலில் இருந்தவர் சொன்னார். அதனால் எழுதுகிறேன். மற்றபடி உங்களுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று எனக்கு ஒன்றும் ஆசை இல்லை.

நான் டைல்ஸ் கடை முதலாளி வீட்டு டிரைவர். இது உங்களுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் புகார் என்றால் முறையாக எழுத வேண்டுமாம். நேற்று முன்தினம் முதலாளி அம்மாவைப் பல் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தேன். ஆஸ்பத்திரி உங்கள் கட்டடத்தில்தான், மாடியில் இருக்கிறது. அம்மா லிஃப்டில் ஏறிப் போனார். நான் வண்டியை அடித்தளத்துக்கு இறக்கி, உங்கள் பலகையில் போட்டிருக்கிறபடியே ரிவர்ஸ் எடுத்து, முகம் வழியைப் பார்க்க நிறுத்தினேன். பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டிரைவர்கள் காத்திருக்கும் அறையில் போய் உட்கார்ந்தேன்.

வேலை முடிந்து அம்மா கீழே வந்தார். வாயில் பஞ்சு வைத்திருந்தார்கள். பேச முடியாது என்று கையைக் காட்டினார். வண்டியை எடுக்கப் போனேன். வண்டி சுவரைப் பார்த்து நிற்கிறது. இடது பக்கம் முன்கதவிலிருந்து பின்கதவு வரை ஒரே கீறல், பின்கதவு உள்ளே போயிருக்கிறது, மஞ்சள் பெயிண்ட் அப்பியிருக்கிறது. 

முதலாளி நம்பவில்லை. நான்தான் எங்கேயோ இடித்துவிட்டுக் கதை விடுகிறேன் என்கிறார். இந்த மாத முடிவுக்குள் உங்கள் இடத்திலிருந்து ஒரு காகிதம் வர வேண்டும், இல்லையென்றால் சாவியை வைத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார். எனக்கு நஷ்டஈடு வேண்டாம். "இந்தச் சேதம் எங்கள் நிறுத்துமிடத்தில் நடந்தது, டிரைவருக்கு இதில் சம்பந்தமில்லை" என்று ஒரு வரி, கீழே கையெழுத்து. அவ்வளவுதான்.

இதை யார் படிக்கப் போகிறார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். உறவுக்காரனாக வரவில்லை, புகார்தாரனாக வந்திருக்கிறேன். என் மனைவி, அதாவது உங்கள் அக்கா, கையில் கொடுத்தனுப்புகிறேன். "ஒரே ஊர்ல இருந்துக்கிட்டு நான் போஸ்ட்மேன் வேலை பார்க்கணுமா" என்று திட்டிக்கொண்டேதான் வாங்கினாள்.

இப்படிக்கு,
டிரைவர்


ஜூன் 6

புகார்தாரர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. விசாரித்தேன்.

"வாகனங்கள் உரிமையாளர் பொறுப்பில் நிறுத்தப்படுகின்றன" என்ற பலகையைத் தாங்கள் பார்த்திருக்கலாம். ஆள் உயரத்துக்கு இருக்கிறது. அது ஒருபுறம் இருக்கட்டும். தாங்கள் எழுதாமல் விட்ட ஒரு விஷயத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அன்று தங்கள் வண்டி எங்கள் கேட்டைத் தாண்டி வெளியே போயிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறது. கேட்டில் இருப்பவர் சத்தியம் செய்கிறார். மாதப் பாஸ் ஒட்டிய வண்டி என்பதால் கம்பியைத் தூக்கிவிட்டாராம். உள்ளே யார் என்று அவர் பார்ப்பதில்லை, பாஸைத்தான் பார்ப்பார்.

சாவி தங்கள் சட்டைப் பையில். வண்டி மட்டும் தானாகவே ஊரைச் சுற்றிவிட்டு வந்து நின்றுகொண்டது. இதை நான் நம்ப வேண்டும், நம்பிக் காகிதமும் தர வேண்டும். காதில் பூ சுற்றுவதற்கும் ஒரு அளவு உண்டு.

அந்தக் காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டால் என்ன நடக்கும் என்று யோசித்தீர்களா? அடித்தளத்தைப் பார்த்துக்கொள்பவன் நெட்டையன். அவன் கவனிப்பில் ஒரு வண்டி இடிபட்டது என்று எழுத்தில் போனால் தலைமை அலுவலகம் அவனை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடும். தங்கள் வேலையைக் காப்பாற்ற அவன் தலையில் கட்ட முடியாது. அடித்தளத்துக் கேமரா பழுது. அதனால் பார்க்கவும் ஒன்றுமில்லை.

அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். எங்கே போயிருந்தீர்கள், யாரைப் பார்க்கப் போயிருந்தீர்கள்?

இப்படிக்கு,
மேற்பார்வையாளர்


ஜூன் 9

மேற்பார்வையாளருக்கு,

மரியாதை போதும். இனி நீ என்றே எழுதுகிறேன்.

உன் கடிதத்தை உன் அக்காவிடமே படித்துக் காட்டினேன். "எங்க போனீங்க" என்று அவளும் கேட்டாள். நன்றாகக் கிளப்பிவிட்டாய். நான் அந்த அறையை விட்டு அசையவே இல்லை. டிவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. நாலைந்து டிரைவர்கள் கூட இருந்தார்கள், கேட்டுப் பார். இன்னொரு சாவி முதலாளி வீட்டு அலமாரியில் இருக்கும். அதையும் போய்ப் பார்த்தேன், அங்கேயேதான் இருக்கிறது. ஆகவே வண்டி வெளியே போயிருந்தால் உங்கள் ஆட்கள்தான் எடுத்திருக்க வேண்டும். சாவி இல்லாமல் வண்டி எடுக்கத் தெரிந்தவர்கள் உங்கள் இடத்தில் இல்லை என்று என்னிடம் சொல்லாதே.

யார் என்றும் யோசித்துவிட்டேன். நெட்டையன் கண்ணை மூடிக்கொண்டு ரிவர்ஸ் எடுப்பான். மற்ற ஆட்களும் அப்படியே. முகம் உள்ளே வைத்து நிறுத்தினால் உங்கள் கம்பெனியில் திட்டு விழும். பக்கத்தில் இரண்டு பக்கமும் காலியாகக் கிடந்தும் வண்டியை நேராகக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டுவதுபோல் நிறுத்தியிருக்கிறான் என்றால், அவனுக்கு ரிவர்ஸ் வராது என்று அர்த்தம். உங்கள் கட்டடத்தில் ரிவர்ஸ் வராத ஒரே ஆள் யார்? உன் கல்யாண வரவேற்பில் நான் சொன்னதும் அதைத்தானே. "வண்டியெல்லாம் காவல் காப்பான், ஒரு வண்டியைப் பின்னால எடுக்கச் சொல்லுங்க, அழுதிடுவான்." பெண் வீட்டார் சிரித்தார்கள். புதுப்பெண்ணும் சிரித்தாள். அன்றிலிருந்து நீ என் வாசலை மிதிக்கவில்லை. இப்போது நேரம் பார்த்துப் பழி தீர்த்துக்கொண்டாயோ என்றுதான் எனக்குச் சந்தேகம்.

நேற்று முதலாளி கடையில் அத்தனை ஆட்கள் முன்னால், "பொய்யனுக்கெல்லாம் நான் சம்பளம் குடுத்துட்டிருக்கேன்" என்றார். அம்மா கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வாயில் இன்னும் பஞ்சு. என்னைப் பார்க்கவே இல்லை. எத்தனையோ வருஷமாக ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியிருக்கிறேன். பொய்யன் என்ற பேரோடு வெளியே போனால் எவன் எனக்கு வண்டி கொடுப்பான்?

நீ எடுத்திருந்தால் ஒத்துக்கொள். குடும்பத்துக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

டிரைவர்


ஜூன் 12

மாமாவுக்கு,

இந்தக் கடிதம் அக்கா கையில் வரவில்லை, தபாலில் கடை முகவரிக்கு வந்திருக்கிறது. ஏன் என்று படித்தால் தெரியும்.

அன்று நான் தலைமை அலுவலகத்தில் இருந்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை மீட்டிங். வண்டி திருடத் தெரிந்தவன் ரிவர்ஸ் கற்றுக்கொள்ள மாட்டானா என்றுகூட உங்களுக்குத் தோன்றவில்லை. என் கல்யாணத்தில் என் மூக்கை உடைத்தது போதாது என்று இப்போது திருட்டுப் பட்டமும் கட்டுகிறீர்கள்.

பார்க்க ஒன்றுமில்லை என்று நான் எழுதியது பொய். அடித்தளத்தில் இருப்பதுதான் பழுது, கேட்டில் இருப்பது நன்றாகவே வேலை செய்கிறது. உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே பார்த்துவிட்டேன். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். உங்களுக்காக அல்ல, அக்காவுக்காக.

வண்டியை ஓட்டிக்கொண்டு போனது ஒரு பொம்பளை. கண்ணாடி வழியாக முகம் தெளிவாகத் தெரிகிறது. நடுத்தர வயது. மூக்குக்கண்ணாடியைச் சிவப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறாள். வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு போகிறாள். பூட்டை உடைத்த அடையாளம் இல்லை, சாவி போட்டுத்தான் எடுத்திருக்கிறாள். உங்கள் பொறுப்பில் இருக்கும் வண்டியின் சாவி அவள் கைக்கு எப்படிப் போனது? நீங்கள் கொடுக்காமல் போகுமா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் "ஓனர் வீட்ல கொஞ்சம் வேலை" என்று கிளம்பிவிடுகிறீர்களாம். அக்கா எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னது இப்போது ஞாபகம் வருகிறது. எந்த முதலாளி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வேலை?

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. பதில் வரும்வரை சொல்லமாட்டேன். யார் அவள்?


ஜூன் 15

மச்சானுக்கு,

உன் கடிதத்தை டைல்ஸ் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று படித்தேன். சிவப்புக் கயிறு என்ற இடத்தை இரண்டு தடவை படித்தேன்.

நீ நினைக்கிற மாதிரி எதுவும் இல்லை. உன் அக்கா மேல் ஆணை. அது முதலாளி அம்மா.

உனக்கு முழுக்கச் சொல்லிவிடுகிறேன். வேறு யாரிடமும் சொல்லக் கூடாது. போன வருஷம் ஒரு நாள் வண்டியில் வரும்போது அம்மா கேட்டார், "தம்பி, எனக்கு இது வருமா?" முதலாளியிடம் கேட்டாராம். "டிரைவர் இருக்கும்போது உனக்கு எதுக்கு" என்று சிரித்துவிட்டாராம். அந்தச் சிரிப்பு அவருக்கு ஆறவில்லை. பழகுநர் உரிமம் அவராகவே போய் எடுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை முதலாளி சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். அந்த நேரத்தில் குடோன் மைதானத்தில் ஓட்டப் பழகினோம். குனியும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடி விழுந்துகொண்டே இருந்தது. ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன் என்று உனக்குத் தெரியும். முதலில் நேராகப் போகப் பழக வேண்டும். அது நன்றாகக் கைக்கு வந்த பிறகுதான் ரிவர்ஸைத் தொடவிடுவேன். உனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ரிவர்ஸுக்கு வருவதற்குள் நமக்குள் சண்டை வந்துவிட்டது. அம்மாவுக்கும் இன்னும் ரிவர்ஸ் ஆரம்பிக்கவில்லை. வண்டி ஏன் சுவரைப் பார்த்து நின்றது என்று இப்போது புரிகிறது. என்னிடம் படித்தவர்தான் நிறுத்தியிருக்கிறார். நான் உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேன்.

நான் பக்கத்தில் இல்லாமல் தனியாக ரோட்டில் எடுத்திருக்கிறார். நினைத்தாலே பகீரென்கிறது. இடித்தது ஒரு பக்கம். முதலாளி என்னைப் பொய்யன் என்றபோது அங்கேயே நின்றாரே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாயில் பஞ்சு இருந்தது, சரி. தலையை ஆட்டியிருக்கலாமே.

அந்தப் படத்தை யாரிடமும் காட்டாதே.

மாமா


ஜூன் 18

மாமாவுக்கு,

நன்றாகத்தான் கதை சொல்கிறீர்கள். உடனே நம்பிவிட முடியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். அதனால் நேற்று உங்கள் கடைக்கு வந்தேன். நீங்கள் முதலாளியை எங்கோ அழைத்துப் போயிருந்தீர்கள். குளியலறைக்குக் கல் பார்ப்பதுபோல் நடித்தேன். வெள்ளை, சாம்பல், ரோஜா நிறம் என்று ஒரு பையன் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டான். எங்கள் குளியலறை எவ்வளவு பெரிசு என்று கேட்டான், கையை விரித்துக் காட்டினேன்.

கல்லாவில் அம்மா இருந்தார். சிவப்புக் கயிற்றைப் பார்த்தேன். ஆனாலும் படத்தில் இருக்கிற முகமும் இந்த முகமும் ஒன்றுதானா என்று கொஞ்ச நேரம் எனக்குப் பிடிபடவே இல்லை. இரண்டு தடவை சுற்றி வந்து பார்த்துவிட்டுத்தான் உங்களை நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை விஷயத்துக்காக உங்களைத் தப்பாக நினைத்தேன், அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மற்றது எதையும் வாபஸ் வாங்கவில்லை.

இப்போது பிரச்சினை வேறு. உங்கள் முதலாளி எங்கள் தலைமை அலுவலகத்துக்கு ஃபோன் போட்டுச் சத்தம் போட்டிருக்கிறார். வண்டி வெளியே போனபோது நெட்டையன் டீ குடிக்கப் போயிருக்கிறான். பயத்தில், இடத்தை விட்டு நகரவே இல்லை என்று பொய் சொல்லி மாட்டிக்கொண்டான். விசாரணை முடியும்வரை வேலைக்கு வராதே என்று சொல்லிவிட்டார்கள். தினமும் காலையில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வந்து கேட்டுக்கு வெளியே நிற்கிறான். வீட்டில் சொல்லவில்லையாம்.

படத்தைக் கொடுத்தால் அவன் தப்பிப்பான். நீங்களும் தப்பிப்பீர்கள். ஒரே ஒரு காகிதம். மாத முடிவில் நானும் எப்படியும் கேட் கேமராப் பதிவை மேலே அனுப்பியாக வேண்டும், அதுவரைதான் என் கையில் இருக்கிறது. நீங்கள் ஏன் உங்கள் வாயிலும் பஞ்சை வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?

அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ரெண்டு பேரும் என்னமோ மறைக்கிறீங்க" என்றாள். நானாவது ஒழுங்காகப் பொய் சொல்வேன் என்று நினைத்தேன், முடியவில்லை.

உங்கள் மச்சான்


ஜூன் 23

மச்சானுக்கு,

நேற்று அம்மாவைக் கடைக்குக் கூட்டிப்போகும்போது வண்டியை ஓரம் கட்டிக் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு வண்டியை எடுத்தது நீங்கதானேம்மா?"

கைப்பையைத் திறந்து மூடினார். பிறகு சொன்னார். "பல் வேலை சீக்கிரமே முடிஞ்சிடுச்சு தம்பி. உங்களைக் கூப்பிடலாம்னுதான் அந்த ரூம் வரைக்கும் வந்தேன். நீங்க டிவி பார்த்துட்டிருந்தீங்க. கூப்பிடலை."

"சாவி?"

"அது ரொம்ப நாளா என் பையிலதான் இருந்துச்சு. அப்புறம்தான் திரும்ப அலமாரியில வெச்சேன்."

"எங்கம்மா போனீங்க? யாரையாவது பார்க்கவா?"

"யாரையும் பார்க்க இல்ல. பாலம் வரைக்கும் போனேன், திரும்பி வந்துட்டேன். எங்க போறேன்னு யாரும் கேட்காம ஒரு தடவை போகணும்னு இருந்துது." பிறகு அவரே, "பாலத்துக்கு அந்தப் பக்கம் ரவுண்டானா இருக்குல்ல, அதுல சுத்தி வந்துட்டேன், ரிவர்ஸே தேவைப்படல" என்றார். அதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை. என்னால் கோபப்பட முடியவில்லை. திரும்பி வந்து அடித்தளத்துக்கு இறங்கும் சரிவில் மஞ்சள் தூணில் இடித்துவிட்டதாம். பயந்துபோய் மேலே ஓடி, நர்ஸிடம் பஞ்சு கேட்டு வாங்கி வாயில் வைத்துக்கொண்டாராம். பேசாமல் இருக்க ஒரு காரணம் வேண்டும் அல்லவா. உன்னிடம் அவர் படம் இருப்பதையும், நெட்டையன் கேட்டுக்கு வெளியே நிற்பதையும் சொன்னேன்.

"நான் சொல்லிடறேன் தம்பி, இன்னிக்கே சொல்லிடறேன்" என்றார். ராத்திரி முதலாளி எதற்கோ கூப்பிட்டார். போனேன். சாப்பிட்டுக்கொண்டே அதே பொய்யன் பாட்டைப் பாடினார். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தார். தட்டைப் பார்த்தபடியே இருந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு வந்தேன். அதை நான் மறக்க மாட்டேன்.

ஆனாலும் மச்சான், படத்தை நான் கொண்டுபோய்க் காட்ட மாட்டேன். அவருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன் நான். நானே அவரைக் காட்டிக்கொடுத்தால் அவர் இனி ஸ்டியரிங் பக்கம் போகவே முடியாது. அதனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். முப்பதாம் தேதி முதலாளியிடம் போய், நான்தான் வெளியே எடுத்தேன், நான்தான் இடித்தேன் என்று சொல்லிவிடப் போகிறேன். நெட்டையனைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். பதிவை மேலே அனுப்ப வேண்டிய அவசியமும் இருக்காது.

உன் அக்காவிடம் சொல்லிவிட்டேன். என் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மாமா


ஜூன் 28

மாமா,

அவசரம். அக்காவிடம் கொடுத்து, ஓடிப்போய் உங்களிடம் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். முப்பதாம் தேதி எதையும் சொல்லித் தொலைக்காதீர்கள்.

முதலாளி அம்மா இன்று என் அலுவலக அறைக்கு வந்தார். தனியாக, பஸ்ஸில் வந்திருக்கிறார். வாசலில் நெட்டையனைப் பார்த்துவிட்டு, "இவர்தானா அது" என்று கேட்டாராம். அவன் ஒன்றும் புரியாமல் சல்யூட் அடித்திருக்கிறான். உள்ளே வந்து உட்கார்ந்து, "தம்பி, என் படம் ஒண்ணு உங்ககிட்ட இருக்காமே" என்றார். நான் உளறினேன். விதிப்படி கொடுக்க முடியாது, அதுவும் இதுவும் என்றேன். "என் படத்தை நான் கேட்கறேன், இதுல என்ன விதி" என்றார்.

அச்சடித்துக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அழுதுவிடுவாரோ என்று தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தேன். "நல்லா நிமிர்ந்து உட்கார்ந்திருக்கேன் இல்ல?" என்று கேட்டார். ஆமாம்மா என்றேன். "உங்க மாமா எப்பவும் சொல்வார், கூனாதீங்க கூனாதீங்கன்னு." கைப்பையில் மடிக்காமல் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு இன்னும் சந்தேகம்தான். வீட்டுக்குப் போனதும் படத்தைக் கிழித்துப் போட்டாலும் போடலாம். இருந்தாலும் இரண்டு நாள் பொறுங்கள்.

எங்கள் நிறுத்துமிடத்தின் மேல்தளம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காலியாகத்தான் கிடக்கும். சும்மா தகவலுக்காகச் சொல்கிறேன்.

மச்சான்


ஜூலை 1

மச்சானுக்கு,

முதலில் உனக்கு வேண்டியது. நெட்டையன் விஷயமாக முதலாளி உங்கள் தலைமை அலுவலகத்துக்குப் பேசிவிட்டார், நாளையிலிருந்து அவன் உள்ளே நிற்கலாம். எனக்கும் வேலை இருக்கிறது. "காலையில வந்துடு" என்றார். பொய்யன் என்று சொன்னதற்கு மன்னிப்பு கேட்கவில்லை. கடை ஆட்கள் முன்னால் என்னை "அண்ணே" என்று ஒரு தடவை கூப்பிட்டார், அவரைப் பொறுத்தவரை அதுவே மன்னிப்பாக இருக்கலாம். நான் கேட்ட ஒரு வரியை யாரும் எழுதித் தரவில்லை. பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அம்மாவும் வருகிறார். ரிவர்ஸ் பாடம் உங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றாகவே நடத்திவிடுகிறேன். வரவேற்பில் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று உன் அக்கா எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

இனி நேற்று நடந்தது.

சாயங்காலம் கடையிலிருந்து இருவரையும் வீட்டில் இறக்கிவிட்டேன். "உள்ள வாங்க தம்பி" என்று அம்மா கூப்பிட்டார். வரவேற்பறையில் முதலாளி சோபாவில் உட்கார்ந்திருந்தார். அம்மா கைப்பையைத் திறந்து படத்தை எடுத்து அவர் முன்னால் மேசையில் வைத்தார். "அன்னிக்கு வண்டியை எடுத்தவங்க இவங்கதான்" என்றார்.

முதலாளி படத்தைக் கையில் எடுத்தார். விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. என்னைப் பார்த்துக் கத்தினார்.

"யாருடா இந்தப் பொம்பளை? எவளுக்குடா சாவியைக் குடுத்தே?"

அம்மா அவருக்கு எதிரில், கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"நல்லா பாருங்க" என்றார் அம்மா.

பார்த்தார். "என்னத்தைப் பார்க்கறது? இளிச்சுக்கிட்டுப் போறா. யாருன்னு கேக்கறேன்ல."

அம்மா கழுத்தில் தொங்கிய மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். சிவப்புக் கயிறு ஆடியது. முதலாளி கயிற்றைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி கயிற்றைப் பார்த்தார். முகத்தைக் கடைசியாகத்தான் பார்த்தார். சத்தம் நின்றுவிட்டது. மச்சான், அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. என்னைத் திட்டியதெல்லாம் அந்த நேரத்தில் மறந்துவிட்டது.

"நீயா?" என்றார். "உனக்கு ஓட்ட வராதே."

அம்மா என்னிடம் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். "வாங்க, காட்டறேன்" என்று வாசலுக்கு நடந்தார். முதலாளி செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனார். அம்மா டிரைவர் சீட்டில் ஏறினார். முதலாளி பழக்க தோஷத்தில் பின்கதவைத் திறந்தார். இடிபட்ட கதவு சட்டென்று திறக்கவில்லை, இரண்டு கையாலும் இழுத்துத் திறந்து பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு ஒரு நிமிஷம் பக்கென்றது. அம்மாவுக்கு ரிவர்ஸ் தெரியாதே, எப்படி வெளியே எடுப்பார் என்று. பிறகுதான் பார்த்தேன். வழக்கம்போல நான்தான் வண்டியை ரிவர்ஸில் உள்ளே விட்டு, முகம் ரோட்டைப் பார்க்க நிறுத்தியிருந்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, நேராக ஓட்டிக்கொண்டு போனார்.

மாமா